ஜிமேட் தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கையில் வெர்பல் மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. குவான்ட் (கணக்குப் பகுதி) ஓரளவு கைக்குள் வந்துவிட்டது. வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. ஆறு மாதம் கையில் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. இங்கே சொல்பவை கடைசி இரண்டு மூன்று வாரங்களுக்கானவை.

இவ்வளவு குறுகிய காலத்தில் வெர்பல் உண்மையிலேயே உயருமா?

உயரும். ஆனால் எது உயரும், எது உயராது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வாசிப்பு வேகம், சொல்வளம், நீண்ட ஆங்கில வாக்கியத்தைத் தடுமாறாமல் படிக்கும் பழக்கம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் சேர்பவை. மூன்று வாரத்தில் அவற்றில் பெரிய மாற்றம் வராது. அதே சமயம், நன்றாகத் தயார் செய்திருப்பவர்கள் வெர்பலில் இழக்கும் கேள்விகளில் பல, ஆங்கிலம் புரியாமல் இழப்பவை அல்ல. பாசேஜ் புரிந்திருக்கும். ஐந்து ஆப்ஷன்களில் மூன்றைச் சரியாகவே நீக்கியிருப்பார்கள். மீதி இரண்டில் தவறானதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இது முடிவெடுப்பதில் வரும் பிழை. முடிவெடுக்கும் முறையை மூன்று வாரத்தில் மாற்ற முடியும்.

உங்கள் நிலை எது என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வில் தவறான வெர்பல் கேள்விகளை மட்டும் எடுங்கள். விடையைப் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல் மறுபடி போடுங்கள். பெரும்பாலானவை இப்போது சரியாக வந்தால், நேர நெருக்கடியில் உங்கள் முறை குலைகிறது என்று பொருள், அதைச் சரிசெய்யலாம். நேரம் இருந்தும் தவறாகவே வந்தால், எந்த வகைக் கேள்விகள் அவை என்று பாருங்கள். ஏழெட்டுத் தவறுகளில் நான்கைந்து ஒரே வகையாக இருந்தால் அதுவும் நல்ல செய்திதான். ஒரே இடத்தில் வேலை செய்தால் போதும்.

இப்போதைய வெர்பலில் என்னென்ன வருகிறது?

45 நிமிடத்தில் 23 கேள்விகள். ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (பாசேஜைப் படித்து விடையளிப்பது), கிரிட்டிக்கல் ரீசனிங் (சிறு வாதத்தை ஆராய்வது) என்று இரண்டே வகை. பிரிவு மதிப்பெண் 60 முதல் 90 வரை. குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசும் பகுதி) மூன்றுக்கும் மொத்த மதிப்பெண்ணில் ஒரே எடை; மொத்தம் 205 முதல் 805 வரை போகும். ஆகவே குவான்டில் ஏற்கெனவே உச்சத்தை நெருங்கியிருப்பவர் அங்கே இன்னும் ஒரு புள்ளிக்குப் போராடுவதைவிட, வெர்பலில் இரண்டு மூன்று புள்ளி ஏறுவது எளிது.

சென்டன்ஸ் கரெக்ஷன் படிக்க வேண்டுமா? பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது.

வேண்டாம். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில், வாக்கியப் பிழை திருத்தும் அந்த இலக்கணப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்தது. பழைய அதிகாரப்பூர்வப் புத்தகங்களில் உள்ள பாசேஜ்களும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளும் இன்றைக்கும் தரமான பயிற்சிதான். இலக்கணப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றில் உள்ள நேரக் கணக்கையும் பின்பற்றாதீர்கள். பழைய தேர்வில் 65 நிமிடத்துக்கு 36 கேள்விகள் இருந்தன.

தினமும் நிறையக் கேள்விகள் போடுகிறேன். மதிப்பெண் அசையவே இல்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படித்துவிடுங்கள்.

கணக்கில் நிறையப் போட்டால் கை பழகும். ஒரு சூத்திரம் பத்துக் கேள்விகளில் திரும்ப வரும். வெர்பலில் அப்படி எதுவும் திரும்ப வராது. இன்று நீரிழிவு மருந்து பற்றிய வாதம், நாளை விமானக் கட்டணம் பற்றிய வாதம். திரும்பத் திரும்ப வருவது ஒன்றே ஒன்று: நீங்கள் முடிவெடுக்கும் விதம். அதைத் திருத்தாமல் ஐம்பது கேள்வி போட்டால், பழைய தவறான விதத்தையே ஐம்பது முறை பழகுகிறீர்கள்.

ஆகவே கடைசி மூன்று வாரத்தில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் போதும். போடுவதற்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு, அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில் செலவாகட்டும். சரியாக விடையளித்த கேள்விகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊகத்தில் சரியான கேள்வி தேர்வு நாளில் ஊகத்தில் தவறாகவும் ஆகலாம்.

திரும்பிப் பார்ப்பது என்றால் விளக்கத்தைப் படித்துத் தலையாட்டுவது அல்ல. விளக்கம் எப்போதும் தெளிவாகவே இருக்கும்; படித்து முடித்ததும் எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும். உங்கள் மனம் அந்த ஆப்ஷனை ஏன் விரும்பியது என்பது எந்த விளக்கத்திலும் இருக்காது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தவறுகளைக் குறித்துவைக்கும் நோட்டில் என்ன எழுதுவது?

தவறான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வாக்கியங்கள். நான் தேர்ந்தெடுத்த ஆப்ஷனில் எந்தச் சொல் என்னை இழுத்தது? சரியான ஆப்ஷனை எந்தக் காரணத்துக்காக ஒதுக்கினேன்? பாசேஜில் எந்த வரி இதைத் தீர்த்துவைக்கிறது?

‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று எதையும் சொல்லாது. ‘கேள்வியில் இருந்த எக்ஸெப்ட் (தவிர) என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன்’ என்று எழுதினால், எக்ஸெப்ட் வந்தால் ஒரு கணம் நிற்கலாம் என்று வழி பிறக்கும்.

இருபது முப்பது கேள்விகள் சேர்ந்ததும் நோட்டை மொத்தமாகப் படியுங்கள். ஒரே காரணம் வேறு வேறு உடையில் வந்திருப்பது தெரியும். சிலர் பாசேஜில் இருந்த அதே சொற்கள் மறுபடி வரும் ஆப்ஷனை நம்பிவிடுவார்கள். சிலர் எளிமையான, சற்று மந்தமாகத் தோன்றும் சரியான விடையை ‘இவ்வளவு எளிதாகவா இருக்கும்’ என்று ஒதுக்குவார்கள். பல ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களிடம் இன்னொன்றைப் பார்க்கலாம்: வாதத்தில் இல்லாத தகவலைத் தங்கள் தொழில் அறிவிலிருந்து எடுத்து நிரப்பிவிடுவார்கள். விற்பனையில் இருப்பவர், விலை குறைந்தால் விற்பனை ஏறும் என்று தாமாகவே எடுத்துக்கொள்வார். அந்த வாதத்தில் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுடையது எது என்று கண்டுபிடித்துவிட்டால், தேர்வு நாளில் நினைவில் வைக்க வேண்டிய எச்சரிக்கை இரண்டு மூன்றுதான்.

கிரிட்டிக்கல் ரீசனிங்கில் எதிலிருந்து தொடங்குவது?

அனுமானத்திலிருந்து, அதாவது வாதம் சொல்லாமலே எடுத்துக்கொள்வதிலிருந்து. வாதத்தைப் பலவீனப்படுத்து, வலுப்படுத்து, மதிப்பிட எது உதவும், எதை அனுமானிக்கிறது என்று நான்கு விதமாகக் கேட்டாலும், நான்கும் ஒரே இடைவெளியைத்தான் தொடுகின்றன. ஆதாரம் ஒரு பக்கம், முடிவு மறுபக்கம். நடுவே சொல்லாமல் விட்ட ஒன்று. அதைக் காணப் பழகினால் இந்த வகைகள் எல்லாம் ஒன்றாகவே முன்னேறும். மூன்று வாரத்தில் இதைவிட லாபமான உழைப்பு வெர்பலில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு வாதம்:

ஒரு நூலகம் தாமதக் கட்டணத்தை நீக்கியது. அடுத்த ஆண்டில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. ஆகவே, கட்டணத்தை நீக்கியதே வாசகர்களை அதிகம் இரவல் எடுக்க வைத்தது.

ஆப்ஷன்களைப் பார்க்கும் முன்பே நிறுத்துங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பது ஆதாரம். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்பது முடிவு. இடையே என்ன இருக்கலாம்? அதே ஆண்டில் நூலகம் கூடுதல் நேரம் திறந்திருக்கலாம். புதுக் கிளை வந்திருக்கலாம். இந்த வாதம் எதை அனுமானிக்கிறது என்று கேட்டு, மூன்று ஆப்ஷன்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது: தாமதக் கட்டணத்தை எல்லா வாசகர்களும் வெறுத்தார்கள். இரண்டாவது: கட்டணம் வசூலிக்கும் நூலகங்களைவிட வசூலிக்காதவை வாசகர்களுக்குச் சிறந்த சேவை தருகின்றன. மூன்றாவது: கட்டணம் நீங்கிய அதே காலத்தில், இரவலை அந்த அளவுக்குத் தானாகவே உயர்த்தக்கூடிய வேறு மாற்றம் ஏதும் நூலகத்தில் நடக்கவில்லை.

ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். எல்லோரும் வெறுக்கவில்லை, சிலர் பொருட்படுத்தவே இல்லை என்றால் வாதம் விழுந்துவிடுமா? விழாது, மற்றவர்கள் கட்டணத்துக்கு அஞ்சியிருந்தால் போதும். இரண்டாவதை மறுத்தாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. சேவையின் தரம் பற்றி இங்கே பேச்சே இல்லை. மூன்றாவதை மறுத்தால், அதாவது வேறொரு மாற்றமே இரவலை அந்த அளவுக்கு உயர்த்தியிருக்கும் என்றால், முடிவு அங்கேயே சரிகிறது. அதுதான் விடை.

மறுத்துப் பார்க்கும் இந்த முறை அனுமானக் கேள்விகளுக்கு மட்டுமே. வலுப்படுத்து என்ற கேள்வியில் இதைப் போட்டுக் குழம்புபவர்கள் உண்டு. கடைசி இரண்டு ஆப்ஷன்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஐந்துக்கும் போட்டால் நேரம் கரைந்துவிடும்.

சதவீதமும் எண்ணிக்கையும் வரும் வாதங்களில் அடிக்கடி சறுக்குகிறேன்.

இது திரும்பத் திரும்ப வரும் பொறி. ஒரு நிறுவனத்துக்குச் சென்ற ஆண்டு வந்த புகார்களில் டெலிவரி தாமதம் பற்றியவை 40 சதவீதம். இந்த ஆண்டு 25 சதவீதம். ஆகவே தாமதம் குறைந்துவிட்டது என்கிறார் மேலாளர். சென்ற ஆண்டு மொத்தப் புகார் 1,000, இந்த ஆண்டு 2,000 என்று வைத்துப் பாருங்கள். தாமதப் புகார்கள் 400லிருந்து 500 ஆகக் கூடியிருக்கின்றன. பங்கு குறைந்தது, எண்ணிக்கை ஏறியது. வாதத்தில் சதவீதம் ஆதாரமாகவும் எண்ணிக்கை முடிவாகவும் இருந்தால் (அல்லது மாறி இருந்தால்) மொத்தம் மாறியிருக்குமா என்று உடனே கேளுங்கள். குவான்டில் வலுவானவர்களும் இதில் விழுகிறார்கள், வெர்பலில் கணக்கு இருக்காது என்று நினைத்துக்கொள்வதால்.

கேள்வியை முதலில் படிப்பதா, வாதத்தை முதலில் படிப்பதா?

கிரிட்டிக்கல் ரீசனிங்கில் கேள்வியை முதலில் படியுங்கள். முடிவைத் தேட வேண்டுமா, அல்லது முடிவே இல்லாத தகவல் தொகுப்பிலிருந்து எதைப் பெறலாம் என்று பார்க்க வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசி இரண்டு ஆப்ஷன்களில் எப்போதும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன்.

இரண்டையும் ஒப்பிட்டு ‘எது இன்னும் நன்றாக இருக்கிறது’ என்று தேடுவதால்தான் இப்படி ஆகிறது. நன்றாக இருப்பது என்பது அளவுகோல் அல்ல. நான்கு ஆப்ஷன்களில் ஏதோ ஒரு சொல்லாவது பிழையாக இருக்கும். அந்தச் சொல்லைத் தேடுங்கள். பாசேஜ் ‘சில’ என்று சொன்னதை ஆப்ஷன் ‘பெரும்பாலான’ ஆக்கியிருக்கும். ‘சாத்தியம்’ என்றது ‘நிச்சயம்’ ஆகியிருக்கும். முதல் பாதி துல்லியமாகவும் இரண்டாம் பாதி சற்றே விலகியும் இருக்கும். அல்லது ஆப்ஷன் முழுக்க உண்மையாகவே இருக்கும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலாக இருக்காது. கடைசியாகச் சொன்னதுதான் பலரை வீழ்த்துவது.

கடுமையான சொற்களைக் கண்டதும் நீக்கிவிடு என்ற பொதுவான அறிவுரையையும் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். வலுப்படுத்து, பலவீனப்படுத்து வகைகளில் வலுவான கூற்று சரியான விடையாகவே இருக்கலாம். அங்கே ஆப்ஷனை உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த எச்சரிக்கை, பாசேஜிலிருந்து எதைப் பெறலாம் என்று கேட்கும் கேள்விகளுக்கே உரியது.

நீண்ட பாசேஜைப் படித்து முடித்ததும் தொடக்கம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயல்வதால்தான் மறக்கிறது. பாசேஜ் திரையில் உங்கள் கண் முன்பே இருக்கும். விவரங்களுக்குத் திரும்பிப் போகலாம். முதல் வாசிப்பில் பிடிக்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு பத்தியும் எதற்காக அங்கே இருக்கிறது, யார் எதைச் சொல்கிறார்கள். பத்தி முடிந்ததும் அதை மனத்துக்குள் ஒரு வரியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எந்த மொழியில் சொல்லிக்கொண்டாலும் சரி. ஆனால், எனினும், மாறாக என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் வருமிடத்தில் வேகத்தைக் குறையுங்கள். எழுதியவரின் நிலைப்பாடு பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்குப் பின்னால் இருக்கும்.

யார் எதைச் சொல்கிறார்கள் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். இதுவும் நான் அமைத்ததே:

ஒரு மலைப் பகுதியில் மான்கள் பெருகியதற்கு ஓநாய்கள் குறைந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் கருதினர். அண்மையில் சிலர், அதே காலத்தில் குளிர் தணிந்ததே காரணம் என்கின்றனர். வடசரிவைப் பொறுத்தவரை இந்த விளக்கம் பொருந்துகிறது. குளிர் சிறிதும் தணியாத தென்சரிவிலும் மான்கள் பெருகியிருப்பதை இது விளக்கவில்லை.

புதிய விளக்கம் பற்றி எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கேள்வி. அதை அவர் நிராகரிக்கிறார் என்ற ஆப்ஷன் தவறு, வடசரிவில் ஏற்கிறார். பழைய விளக்கமே சரி என்கிறார் என்பதும் தவறு. அப்படி ஒரு வரியும் இல்லை. புதிய விளக்கத்தில் குறை இருப்பதைக் காட்டுவதும் பழையதை ஆதரிப்பதும் ஒன்றல்ல. பகுதியளவில் பொருந்துகிறது, முழுமையானதல்ல என்று சொல்லும் ஆப்ஷனே விடை. உண்மையான தேர்வில் ஓநாய்க்குப் பதில் நட்சத்திரக் கூட்டமோ தொழிற்சங்க வரலாறோ இருக்கும். பழைய கருத்து, புதிய கருத்து, எழுதியவரின் அளந்த தீர்ப்பு என்ற அமைப்பு மட்டும் பல பாசேஜ்களில் மாறாமல் இருக்கும்.

அறிவியல் பாசேஜ் வந்தாலே பயமாக இருக்கிறது.

அந்தத் துறையை அறிந்திருக்க வேண்டிய கேள்வி எதுவும் கேட்கப்படாது. வாயில் நுழையாத கலைச்சொல் வந்தால் அதன் முதலெழுத்தை மட்டும் மனத்தில் வைத்து மேலே செல்லுங்கள். பயம் போக ஒரே வழி, இந்த மூன்று வாரத்தில் உங்களுக்குப் பிடிக்காத துறைப் பாசேஜ்களையே முதலில் எடுத்துப் பயில்வது. பிடித்தவற்றை இனி எப்படியும் சமாளிப்பீர்கள்.

சொற்பட்டியல் மனப்பாடம் செய்யலாமா? ஆங்கிலப் பத்திரிகை படிக்கத் தொடங்கலாமா?

ஜிமேட்டில் அரிய சொல்லின் பொருளை நேரடியாகக் கேட்கும் கேள்வியே கிடையாது. சொற்பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். பத்திரிகை வாசிப்பு நல்ல பழக்கம், ஆனால் அதன் பயன் மெதுவாகத்தான் வரும். கையில் இருக்கும் மணி நேரங்களை அதிகாரப்பூர்வக் கேள்விகளுக்குக் கொடுப்பதே சரி.

ஆனால் ஜிஆர்இ என்ற மற்றொரு நுழைவுத் தேர்வை எழுதி மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பும் கேள்விகளும், ஒரே பொருள் தரும் இரு சொற்களைத் தேர்வு செய்யும் கேள்விகளும் உண்டு. அவர்கள் கடைசி வாரம்வரை சொற்களைப் புரட்டத்தான் வேண்டும். தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியத்தோடு சேர்த்து.

ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி அல்ல. அதனால் எப்போதும் பின்தங்கியே இருப்பேனா?

இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இலக்கணப் பகுதி போன பிறகு இந்தத் தேர்வு சோதிப்பது பெரும்பாலும் தர்க்கத்தை. காதுக்கு இயல்பாகக் கேட்கிறது என்று விடையளிக்கும் வசதி இப்போது யாருக்கும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடைபோடப் பழகிய வாசகருக்குக் கிரிட்டிக்கல் ரீசனிங்கில் அது பலமே. உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நீண்ட வாக்கியங்களை உடைக்கும் பழக்கம். எழுவாய் எது, அதன் வினை எது என்று முதலில் பிடித்துவிட்டு, இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையில் இருப்பதைப் பிறகு சேருங்கள். தினமும் ஒரு கடினமான பாசேஜில் இதைச் செய்தால் இரண்டாம் வாரத்திலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

நேரம் போதவில்லை. வேகமாகப் படிப்பது எப்படி?

வேகமாகப் படிக்க முயலாதீர்கள். நேரம் போவது வாசிப்பில் அல்ல, மறுவாசிப்பில். அரைகுறையாகப் படித்துவிட்டு ஆப்ஷன்களுக்குப் போய், புரியாமல் திரும்பி வந்து, மறுபடி ஆப்ஷனுக்குப் போவது என்று ஒரே கேள்வியில் நான்கு நிமிடம் கரையும். முதல் முறையே நிதானமாகப் படித்தால் இந்த அலைச்சல் குறையும்.

ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரம் பார்த்தால் கவனம் சிதறும். இரண்டு இடத்தில் மட்டும் பாருங்கள்: எட்டாவது கேள்வி முடியும்போது ஏறக்குறைய 29 நிமிடம், பதினாறாவது முடியும்போது ஏறக்குறைய 14 நிமிடம் மீதி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு புதுப் பாசேஜைப் படித்து முடித்திருந்தால் இரண்டு நிமிடம் பின்தங்கியிருப்பது இயல்பு, பதற வேண்டாம்.

உண்மையிலேயே பின்தங்கிவிட்டால், எல்லாக் கேள்விகளிலும் கொஞ்சம் கொஞ்சம் அவசரப்படுவதைவிட, மிகக் கடினமாகத் தோன்றும் ஒரு கேள்வியை விட்டுக்கொடுங்கள். ஒரு விடையைத் தேர்ந்து நகருங்கள். எந்தக் கேள்வியையும் விடையளிக்காமல் தாண்ட இந்தத் தேர்வு அனுமதிக்காது. பிரிவை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும். ஆகவே கடைசி நிமிடத்தில் மீதி இருப்பவற்றுக்கு ஏதாவது விடை கொடுத்துவிடுங்கள்.

புக்மார்க் செய்து பின்னர் மாற்றும் வசதியை எப்படிப் பயன்படுத்துவது?

எத்தனை கேள்விகளை வேண்டுமானாலும் குறித்துவைக்கலாம். 23 கேள்விகளையும் முடித்த பிறகு, நேரம் மீதி இருந்தால், மூன்று விடைகள்வரை மாற்றலாம். வெர்பலில் இதைச் சிக்கனமாகக் கையாளுங்கள். இரண்டு ஆப்ஷன்களில் நின்று, இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும் கேள்வியை மட்டும் குறியுங்கள். ஒன்றுமே புரியாத கேள்வியைக் குறிப்பதில் பயனில்லை. ஏதோ உறுத்துகிறது என்பதற்காக விடையை மாற்றாதீர்கள்; பாசேஜில் குறிப்பான ஒரு சொல்லைக் கண்டால் மட்டும் மாற்றுங்கள்.

வெர்பலை முதலில் எழுதலாமா, கடைசியிலா?

மூன்று பிரிவுகளையும் எந்த வரிசையிலும் எழுதலாம். சோர்வு வந்தால் முதலில் கெடுவது வாசிப்புதான் என்பதால், வெர்பல் தடுமாறுபவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது என்பது என் எண்ணம். முதலில் எழுதுங்கள், அல்லது பத்து நிமிட இடைவேளைக்குப் பிறகு உடனே எழுதுங்கள். எதைத் தேர்ந்தாலும் குறைந்தது இரண்டு மாதிரித் தேர்வுகளில் அதே வரிசையில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

மாதிரித் தேர்வு எத்தனை எழுத வேண்டும்?

வாரத்துக்கு ஒன்று, கடைசி வாரத்தில் தேர்வுக்கு நான்கைந்து நாள் முன்னதாக ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். தேர்வை நடத்தும் ஜிமேக் தன் இணையதளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. உண்மையான தேர்வுக்கு மிக நெருக்கமானவை அவையே. மற்றவர்கள் தயாரிக்கும் குவான்ட் கேள்விகள் பெரும்பாலும் பரவாயில்லை. வெர்பலில் அப்படிச் சொல்ல முடியாது. சரியான விடையே விவாதத்துக்கு உரியதாக இருக்கும். நல்ல தர்க்கம் உள்ளவரையும் அது சந்தேகத்தில் தள்ளும். உங்கள் அளவுகோலை அதிகாரப்பூர்வக் கேள்விகளை வைத்தே அமையுங்கள்.

மாதிரித் தேர்வு மதிப்பெண் ஒரு முறை இறங்கினால் முறையை மாற்றிவிடாதீர்கள். 23 கேள்விகளில் இரண்டு மூன்று இப்படி அப்படிப் போனாலே மதிப்பெண் ஏறி இறங்கும். நோட்டில் பழைய காரணங்கள் குறைகின்றனவா என்பதே பார்க்க வேண்டியது.

கடைசி மூன்று நாள்?

புதுக் கேள்விகளை நிறுத்துங்கள். நோட்டைப் படியுங்கள். முன்பு போட்ட கேள்விகளில் இருபதை எடுத்து, விடை நினைவிருந்தாலும், நான்கு ஆப்ஷன்கள் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. தூக்கத்தைக் குறைக்காதீர்கள், தூக்கமில்லாத மனம் முதலில் இழப்பது ‘சில’ என்பதற்கும் ‘பல’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கும் திறனை. தேர்வன்று காலை, நன்றாகத் தெரிந்த ஒரு பாசேஜையும் இரண்டு வாதங்களையும் படித்துவிட்டுப் போங்கள். தேர்வில் வரும் முதல் பாசேஜே அன்றைய முதல் வாசிப்பாக இருக்க வேண்டாம்.

இலக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது. தேர்வைத் தள்ளிப்போடலாமா?

மாதிரித் தேர்வு மதிப்பெண் இலக்கைவிட மிகவும் கீழே இருந்து, நீங்கள் விண்ணப்பிக்கும் மேலாண்மைப் பள்ளியின் கடைசித் தேதியும் இடம் கொடுத்தால், தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வு நாள் நெருங்க நெருங்க தேதி மாற்றும் கட்டணம் கூடும் என்பதால் முடிவைச் சீக்கிரம் எடுங்கள். இடைவெளி சிறியது என்றால் எழுதிவிடுங்கள் என்பேன். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம். ஒரு மோசமான நாள் உங்கள் விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொண்டு போகாது. மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும். 12 மாதத்தில் ஐந்து முறைவரை எழுதலாம். எனவே முதல் தேதியைக் குறிக்கும்போதே, பள்ளியின் கடைசித் தேதிக்கு முன் இன்னொரு முறை எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி எழுத நேர்ந்தால் அந்த 16 நாளுக்கும் புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம். தேர்வு முடிந்த அன்றே, எந்த வகைக் கேள்வியில் தயங்கினீர்கள், எந்த இடத்தில் நேரம் போனது என்று நோட்டில் எழுதிவிட்டு, மறுநாள் அங்கிருந்தே தொடருங்கள்.